தெருவிளக்கு எதுவரை? மின்னொளியும் நகரமும் நாமும்

(ஐயம்பேட்டையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் நாம் நினைவுகூரும் பெரியவர், தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர். படம் வைக்கக் கூடாது, மாலை போடக் கூடாது என்றும் சொன்னார். பகலெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து கூலிக்குப் பட்டு நெய்தார். பொழுது சாய்ந்ததும் காலனிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'. அந்தப் பெயரிலேயே இந்த உரையும் நடக்கிறது.

நிலவுரிமை, கல்வி, ஆணவக் கொலை என்று பேசவேண்டியவை எத்தனையோ இருக்க, இந்த ஆண்டு மின்விளக்கைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் வாத்தியார்தான். அவருடைய வகுப்பு முதலில் அரிக்கேன் விளக்கில் நடந்தது. பிறகு காலனி முனையில் நட்ட லைட் கம்பத்தின் கீழே நடந்தது. பிள்ளைகளிடம் அவர் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: "படிக்கணும்னா வெளிச்சம் வேணும். வெளிச்சம் வேணும்னா கம்பம் வேணும். கம்பம் வேணும்னா மனு எழுதத் தெரியணும். மனு எழுதணும்னா படிக்கணும். பாத்தியா, பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டோம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தக் கணக்கின் விடையைத்தான் இன்று தேடப்போகிறோம்.

மின்னொளி நவீன நகரத்தை எப்படி மாற்றியது என்று வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. கடைவீதி இரவில் திறந்திருந்தது, ஆலைகள் இரவிலும் ஓடின, மக்கள் இரவில் உலாவப் போனார்கள் என்று எழுதுகின்றன. எல்லாம் உண்மை. அந்த வெளிச்சம் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நின்றது, யார் உழைப்பில் எரிந்தது, யாருடைய உறக்கத்தை எடுத்துக்கொண்டது என்பவை நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

1. வெளிச்சத்துக்கும் சாதிக்கும் உள்ள பழைய உறவு

மின்சாரம் வருவதற்கு முன் இரவு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருட்டாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. யார் எந்த வெளிச்சத்தில் வெளியே வரலாம் என்பதற்கும் இங்கே கட்டளை இருந்தது.

பேஷ்வாக்கள் ஆண்ட புனே நகரில் மகர், மாங் மக்கள் மாலை 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் நகர வாயிலுக்குள் இருக்கக் கூடாது என்ற தடை இருந்ததாகச் சாதி பற்றிய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த நேரங்களில் சூரியன் சாய்ந்திருக்கும், நிழல் நீளமாக விழும். அந்த நிழல் மேல்சாதிக்காரர் மீது பட்டுவிடும் என்பதே காரணம். சூரியனின் சாய்வையே அளந்து போட்ட சட்டம் அது.

இன்னும் கொடிய ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார் மக்கள் பகலில் கண்ணில் படவே கூடாது என்று வைத்திருந்தார்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் துணி வெளுத்துவிட்டு மறைந்துவிட வேண்டும். 1932 டிசம்பரில் 'இந்து' நாளிதழில் வந்த இந்தச் செய்தியை அம்பேத்கர் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். தொட்டால் தீட்டு என்பது நமக்குத் தெரியும். பார்த்தாலே தீட்டு என்பதும் இருந்தது. அதற்கு ஆளானவர்களுக்கு இருட்டு ஒரு சிறைக்கூடம்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அன்று காஞ்சிபுரமும் ஐயம்பேட்டையும் அதில்தான் இருந்தன. 1891இல் இங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனை கூடத் தமக்குச் சொந்தமில்லாமல் இருந்ததை அதில் சுட்டிக்காட்டினார். பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு ஆணைக்கு அந்த அறிக்கையே அடிப்படை. மனையே சொந்தமில்லாத இடத்துக்கு விளக்கு எப்படி வரும்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டு கழித்தும் மின் இணைப்புக் கேட்டுப் போனவர்களிடம் முதலில் கேட்டது, "பட்டா இருக்கா?"

வெளிச்சத்தைத் தாங்கி நின்றவர்களையும் மறக்கக் கூடாது. காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவையைப் பார்க்கக் கூட்டம் திரளும். அந்தக் காலச் சாமி புறப்பாடுகளில் தீவட்டி போனது. பல ஊர்களில் அந்தத் தீவட்டிக்குத் துணி கொடுப்பது வண்ணார் மீது சுமத்திய கடமை. பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. திருமண ஊர்வலங்களில் அதைத் தலையில் சுமந்து இரண்டு பக்கமும் நடந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழைப் பெண்களும் சிறுவர்களும். இன்று டியூப்லைட்டும் ஜெனரேட்டர் வண்டியும் வந்திருக்கின்றன. அந்த வண்டியைத் தள்ளுகிறவரைத் திரும்பிப் பாருங்கள். ஊர்வலப் படத்தில் சாமி தெரியும், மாப்பிள்ளை தெரிவார். விளக்கைச் சுமந்தவர் முகம் தெரியாது.

2. தெருவிளக்கு யாருக்காகப் பிறந்தது

தெருவிளக்கு என்ற ஏற்பாடு மின்சாரத்தைவிட மூத்தது. 1667இல் பாரிஸ் நகரத் தெருக்களில் அரசு விளக்குகளைத் தொங்கவிட்டது. அதைச் செய்தது அந்நகரின் காவல் துறைத் தலைமை. இருட்டில் நடமாடுகிறவர் யார் என்று அரசுக்குத் தெரியவேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் 1830 புரட்சியில் பாரிஸ் மக்கள் தெருவிளக்குகளை அடித்து நொறுக்கினார்கள். லண்டனின் பால் மால் தெருவில் 1807இல் எரிவாயு விளக்கு எரிந்தது.

அமெரிக்காவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் ஒரு சட்டம் போட்டார்கள். 14 வயதைக் கடந்த கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் வெள்ளையர் துணையின்றி இரவில் வெளியே வந்தால் கையில் எரியும் விளக்கை ஏந்தி வரவேண்டும். வழி பார்ப்பதற்கு அல்ல, தன்னைக் காட்டிக்கொடுப்பதற்கு. அங்கே அடிமை விளக்கோடு வரவேண்டும் என்றார்கள், இங்கே புதிரை வண்ணார் இருட்டில்தான் வரவேண்டும் என்றார்கள். கட்டளைகள் நேரெதிர். ஆனால் யார் எப்போது கண்ணில் படவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை இரண்டு இடத்திலும் ஒடுக்குகிறவர் கையில்தான் இருந்தது.

அதே நியூயார்க்கில், 1882 செப்டம்பரில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்பி வழியாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வெளிச்சம் விற்கும் வணிகம் வேர்விட்டது. பள்ளிப் பாடத்தில் நமக்கு எடிசன் பெயர் மட்டும் வரும். லூயிஸ் லாட்டிமர் பெயர் வராது. அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த பெற்றோருக்கு 1848இல் பிறந்த கறுப்பினப் பொறியாளர் அவர். பல்புக்குள் எரியும் கரி இழையைத் தயாரிக்கும் மேம்பட்ட முறைக்கு 1882இல் காப்புரிமை பெற்றார். பிறகு எடிசன் நிறுவனத்திலும் பணியாற்றினார். மின்விளக்கு பற்றி 1890இல் நூலும் எழுதினார். ஒரு காலத்தில் விளக்கேந்தி நடக்கும்படி கட்டளையிடப்பட்ட மக்களில் ஒருவர், உலகின் விளக்கையே திருத்தி அமைத்தார். மாணவர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. தங்கவயல் வழியாக வந்த மின்சாரம்

இந்தியாவுக்கு வருவோம். 1897இல் டார்ஜிலிங்கில் நீர்மின்சாரம் எடுத்தார்கள். 1899இல் கல்கத்தாவில் மின் வழங்கல் தொடங்கியது. சென்னையில் அதற்கும் முன்பே, 1895இல், மின்சார டிராம் ஓடியது. பெங்களூர் தெருக்களில் 1905இல் மின்விளக்கு எரிந்தது. இந்த ஆண்டுகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

பெங்களூருக்கு அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? காவிரியின் சிவசமுத்திர அருவியில் 1902இல் மின் நிலையம் அமைந்தது. அது முதலில் நகரத்துக்காக அமைந்ததல்ல. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து அந்த மின்சாரத்தைக் கொண்டுபோனது கோலார் தங்கவயலுக்கு. பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் போன தமிழ் ஆதிதிராவிட மக்கள். அவர்கள் வெட்டிய தங்கத்துக்காக மின்சாரம் வந்தது, மூன்று ஆண்டு கழித்து அதே மின்சாரம் பெங்களூர் வீதிகளுக்குப் போனது. நாட்டின் நவீன நகரமொன்று ஒளிபெற்ற கதையில் நம் மக்களின் நுரையீரலில் படிந்த பாறைத் தூசியும் சேர்ந்திருக்கிறது.

தங்கவயலில் நம் மக்கள் தூசியை மட்டும் பெறவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு அங்கே வாசகர் வட்டம் இருந்தது. பௌத்த சங்கம் இருந்தது. பண்டிதர் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோன அந்த இதழை ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியதும் தங்கவயலிலிருந்துதான். ஷிஃப்ட் முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளி உட்கார்ந்து படித்தார். நகரம், கூலி, வெளிச்சம், அச்சு ஆகியவை ஓரிடத்தில் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று தங்கவயல்.

4. நகரத்து இரவு தந்ததும் தராததும்

சென்னையில் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேசின் பிரிட்ஜ் பகுதியில் மின் நிலையம் எழுந்தது. மவுண்ட் ரோடில் தொடங்கிய ஆரம்பகாலச் சினிமா கொட்டகை ஒன்றுக்குப் பெயரே 'எலக்ட்ரிக் தியேட்டர்'. மின்சாரம் என்ற சொல்லே அன்று கூட்டம் சேர்க்கும் விளம்பரமாக இருந்தது.

சினிமா கொட்டகை பற்றிப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் அதுதான் என்கிறார். உட்காரும் இடத்தை அங்கே தீர்மானித்தது சாதிப்படிநிலையல்ல, கையில் இருந்த காசு. கோயில் மண்டபத்தில் கூத்தும் கச்சேரியும் நடந்தபோது நாம் நின்ற இடம் மதிலுக்கு வெளியே. கொட்டகையில் தரை டிக்கெட்டாக இருந்தாலும் உள்ளே. விளக்கு அணைந்ததும் பக்கத்தில் இருப்பவர் எந்தத் தெரு என்பது யாருக்கும் தெரியாது.

நகரத்து இரவின் பெரிய கொடை இதுதான். கிராமத்தில் ஒருவரை அடையாளம் காண விளக்கு தேவையில்லை. எந்தத் திசையிலிருந்து வருகிறார், எந்தத் திசையில் திரும்புகிறார் என்பதே போதும். நகரத்தின் மின்வெளிச்சத்தில் முகம் தெரியும், சட்டை தெரியும், சாதி தெரியாது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதன் பின்னணி இதுவே. கிராமத்தின் பழமையைப் பலர் போற்றிப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அது குறுகிய மனத்தின், வகுப்புவாதத்தின் இருப்பிடம் என்று அவர் துணிந்து சொன்னார். நகரத்துக்குப் போன தலித் இளைஞர் ஒருவர் இரவு 9 மணிக்கு டீக்கடை வெளிச்சத்தில் எல்லோரோடும் நின்று கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பதை, இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த கண்ணோடு பாருங்கள். அம்பேத்கர் சொன்னது விளங்கும்.

ஆனால் அந்தத் தெருவில் நடக்கும் உரிமையே சும்மா வரவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் சட்டமன்றத்தில் குரல் எழுப்பி, 1924இல் பொதுத் தெருக்களும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதாவது சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்துத்தான், மாகாணத்தின் தெருக்களில் நாம் நடக்கலாம் என்று அரசு ஏட்டில் எழுதியது.

இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து உயர்ந்தார் என்று பள்ளியில் சொல்வார்கள். அவருடைய வறுமையையோ உழைப்பையோ நாம் மறுக்கவில்லை. வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: "அவர் நின்னு படிச்ச தெருவுல, அந்த விளக்குக்குக் கீழ, அன்னைக்கு உங்க பாட்டன் போய் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?" பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். உழைத்தால் உயரலாம் என்ற அறிவுரைக்குள் தெருவிளக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எந்தத் தெருவில் நின்றது என்று கேட்கும்போதுதான் தகுதி என்ற சொல்லின் பொருள் புரிகிறது.

நகர வெளிச்சத்தின் அடியில் இன்னோர் இரவும் உண்டு. நகரம் உறங்கும் நேரத்தில் குப்பை அள்ளுவதும் வடிகாலைத் திறப்பதும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நடக்கின்றன. கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் மரணச் செய்திகள் நிற்கவில்லை. விடியலுக்குள் வேலையை முடித்துவிட்டுக் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பார்க்கும்போது, புதிரை வண்ணாருக்கு விதித்த நேரம் நமக்கு நினைவுக்கு வராமல் போகுமா?

5. நீண்டுபோன வேலைநாள்

மின்னொளி உழைப்பவரின் நாளை நீட்டியது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் முன்பு பொழுது விடிந்தால் வேலை, இருட்டினால் ஓய்வு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைகளுக்குள் மின்விளக்கு வந்ததும் அந்த எல்லை உடைந்தது. 14 மணி நேரம், அதற்கு மேலும் வேலை வாங்கினார்கள். தொழிலாளர் கொதித்தெழுந்தார்கள். 1908இல் விசாரணை ஆணையம் வந்தது, 1911இல் நெசவாலைகளில் வளர்ந்த ஆண்களின் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. இயற்கை போட்டிருந்த வேலியை மின்விளக்கு பிடுங்கியதால், சட்டத்தால் ஒரு வேலி போட வேண்டியதாயிற்று.

இப்போது ஐயம்பேட்டைக்கு வருவோம். இங்கே ஆலை இல்லை. வீடுதான் ஆலை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பட்டு நெசவு பகல் வெளிச்சத்தை நம்பிய தொழில். சன்னல் ஓரமாகத் தறியைப் போட்டதும் அதற்காகத்தான். சிம்னி விளக்கில் நெய்தால் புகை படியும், ஒரு பொறி விழுந்தால் பாவே போகும். ஆகவே பொழுது சாய்ந்தால் நாடா நின்றது. தறிக்கு மேலே பல்பு தொங்கிய நாளிலிருந்து அது நிற்கவில்லை. மஞ்சள் பல்பில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். ஆகவே நிறம் பார்ப்பது பகலுக்கு, நெய்வது இரவுக்கு என்று வேலை பிரிந்தது. முகூர்த்த மாதம் நெருங்கினால் ராத்திரி பதினொன்றுக்கும் பலகை அடிக்கும் சத்தம் கேட்கும்.

பம்பாய் ஆலைக்கு ஒரு வாயில் இருந்தது, மணி அடித்தது. அந்த வாயில் வழியாகச் சட்டம் உள்ளே போக முடிந்தது. வீட்டுத் தறிக்கு வாயிலும் இல்லை, மணியும் இல்லை. கூலி சேலைக் கணக்கு. எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்பதில்லை. முதலாளி "ராத்திரி நெய்" என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கடன் சொல்லும்.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் பிள்ளைகள். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இன்னொரு நாடாவைத் தள்ள மறுபக்கம் ஒரு துணை ஆள் வேண்டும். அந்த இடத்தில் சிறுவர்களை உட்காரவைத்தார்கள். முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பட்டுத் தொழிலில் கட்டுண்டு கிடந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது. காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளில் தலித் பிள்ளைகள் கணிசம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை பிள்ளைகளிடம் வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பப் பட்டறைக்கு விலக்குத் தந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பள்ளி விட்ட பிறகு என்றால் எப்போது? பல்பு எரியும் நேரத்தில்தானே? ஒரே பல்பு. அதன் கீழே புத்தகமா, தறியா என்பதே பல வீடுகளில் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. வாத்தியார் வீடு வீடாகப் போய், "ஒரு மணி நேரம் எங்கிட்ட விடுங்க" என்று பிள்ளைகளைக் கேட்டு வாங்கியது இந்தக் காரணத்தால்தான்.

தறி என்றதும் சில சாதிப் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. நெசவு செய்த கோலியர் என்ற பிரிவினர் பறையரிலிருந்து வந்தவர்கள் என்று 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுதிகள் குறிப்பிடுகின்றன. இன்றும் காஞ்சி வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் தலித் குடும்பங்கள் பல. 2006 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று தந்தார்கள், பிறகு 200 ஆயிற்று, 2023இல் 300 ஆயிற்று. வரவேற்கத்தக்க சலுகை. அது வீட்டில் தறி வைத்திருப்பவருக்குக் கிடைக்கும். அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்காருகிறவர் வீட்டுக்கு? இந்தக் கேள்வியைச் சங்கங்கள் எழுப்ப வேண்டும்.

6. அம்பேத்கர் போட்ட கம்பி

மின்சாரத்துக்கும் அம்பேத்கருக்கும் உள்ள தொடர்பை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில் அடங்கின. 1943 அக்டோபர் 25இல், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கான கொள்கைக் குழு ஒன்றின் தலைவராக மின்சார வளர்ச்சி பற்றி உரையாற்றினார். மின்சாரம் தனியாரிடம் இருக்கவேண்டுமா அரசிடமா, மத்தியிலா மாகாணத்திலா, மலிவாகவும் தட்டுப்பாடின்றியும் எப்படித் தருவது என்ற கேள்விகளை அங்கே முன்வைத்தார். விவசாயத்தை மட்டும் நம்பி மக்கள் வறுமையிலிருந்து மீள முடியாது, தொழில்மயம் வேண்டும், அதற்கு மலிவான மின்சாரம் வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்தது. அதே திசையில் 1948இல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி 1957 ஜூலை 1இல் நம் மாநில மின்சார வாரியம் பிறந்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? மின்சாரத்தை நகரத்தில் காசுள்ளவருக்கு விற்கும் சரக்காக நிறுவனங்கள் பார்த்தன. அம்பேத்கர் அதை ஒரு சமூகக் கேள்வியாகப் பார்த்தார். நிலம் நம்மிடம் இல்லை. நிலத்தை நம்பிய ஊரில் நமக்கு விடுதலை இல்லை. தொழிலும் நகரமும் வேண்டும் என்றால் அவற்றை இயக்கும் ஆற்றல் எல்லோருக்கும் எட்ட வேண்டும். வாத்தியாரின் கணக்கும் இதே கணக்குத்தான்.

7. கடைசிக் கம்பம்

பைக்காரா, மேட்டூர், நெய்வேலி என்று தமிழ்நாட்டில் மின் உற்பத்தி பெருகியது. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பதில் நம் மாநிலம் முன்னணியில் நின்றது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கிராமம் மின்வசதி பெற்றது என்று பதிவேட்டில் எழுத ஊர்த்தெருவில் வெளிச்சம் வந்தாலே போதுமானதாக இருந்தது. சேரிக்கு வருவது பிறகு. 1988-89இல் மத்திய அரசு குடிர் ஜோதி என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, குறிப்பாகத் தலித், பழங்குடிக் குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்புக் கொடுத்தது. அத்தகைய தனித் திட்டம் தேவைப்பட்டதே, முந்தைய கம்பி எங்கே நின்றிருந்தது என்பதைச் சொல்கிறது.

நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு காலத்தில் பெரிய சாலையிலிருந்து நம் காலனிக்குள் வரும் வழியில் நடுவே விளக்கே கிடையாது. ஊர்த்தெருக் கம்பம் ஒரு முனையில், காலனிக் கம்பம் மறு முனையில். இடையில் இருட்டு. பெண்கள் அந்த வழியாகத்தான் ஒதுங்கப் போக வேண்டும், கடைசிப் பஸ்ஸில் இறங்கி வர வேண்டும். மனு கொடுத்தோம். "அது யார் எல்லை என்று பார்க்க வேண்டும்" என்றார்கள். எல்லை பார்க்கவே இரண்டு ஆண்டு ஆயிற்று. ஒருநாள் வாத்தியார் பத்துப் பிள்ளைகளை அரிக்கேன் விளக்கோடு கூட்டிப்போய், அந்த இருட்டு வழியின் நடுவிலேயே பாய் விரித்து வகுப்பு எடுத்தார். ஒரு வாரம் நடந்தது. போகிற வருகிற ஊர்க்காரர்களும் நின்று பார்த்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கம்பம் வந்தது. அந்தப் பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

களப்பணியில் இருக்கும் தோழர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய சில செய்திகள்:

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, குடியிருப்புப் பகுதிகளின் பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு வசதி செய்வதைக் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. கடமை என்றால் தயவு அல்ல.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் அல்லது அங்கே குடியிருப்பவர் விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. புதிதாகக் கம்பம் நட்டு வழித்தடம் நீட்ட வேண்டியிருந்தால் கூடுதல் காலம் ஆகலாம். குடியிருப்பவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டா இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் ஊராட்சியில் எத்தனை தெருவிளக்கு, எந்தத் தெருவில் எத்தனை, பழுதானது எத்தனை நாளில் சரியாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிராமசபையில் எழுந்து கேட்கலாம். மாணவர்கள் ஒரு இரவு நடந்தே எண்ணிவிடலாம். ஊர்த்தெருவில் இரண்டு கம்பத்துக்கு இடையே எத்தனை அடி, காலனியில் எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு தாள், நூறு பேச்சைவிட வலுவான சான்றாகும்.

முடிவாக

மின்விளக்குக்குச் சாதி தெரியாது. கம்பம் நடுகிறவருக்கும் கம்பி இழுக்கச் சொல்கிறவருக்கும் தெரியும். அதனால்தான் வெளிச்சத்தின் வரலாறு நமக்கு உரிமையின் வரலாறாகவும் இருக்கிறது. நகரத்தின் ஒளி நமக்கு முகமறியாக் கூட்டத்தின் விடுதலையைத் தந்தது. அதே ஒளி தறியிலும் ஆலையிலும் நம் இரவை எடுத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும். வெளிச்சம் வேண்டும் என்று கேட்கும் அதே குரலில், அந்த வெளிச்சத்தில் பிள்ளை படிக்க வேண்டும், உழைத்தவர் உறங்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

வாத்தியாரின் கணக்கு வட்டமாகச் சுற்றி வரும் என்று சொன்னோம். அதை எங்கிருந்து உடைப்பது என்று ஒருமுறை அவரிடம் கேட்டோம். "எங்க ஆள் இருக்கோ அங்கிருந்து" என்றார். இன்று ஆள் இருக்கிறார்கள், மனு எழுதவும் தெரிகிறது.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியில் விளக்குகளை எண்ணிக்கொண்டே போங்கள். எரியாத விளக்கு எத்தனை என்று நாளைக்கு வந்து சொல்லுங்கள்.

ஜெய்பீம்.